கூப்பிட்டுப் பார்த்து வைத்த பெயர்

இலங்கையில் பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். அதற்குள் பதிந்தால் கட்டணமும் இல்லை, அலைச்சலும் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கமோ முப்பத்தோராம் நாளில் துடக்கு, அதாவது பிறப்புத் தீட்டு, கழித்து, ஐயரைக் கூப்பிட்டுப் புண்ணியதானம் செய்து, அன்றைக்குத்தான் பிள்ளைக்குப் பெயர் சொல்வது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது 11 நாள். அதிலே சனி, ஞாயிறும் வரும், போயா (பௌர்ணமி) விடுமுறையும் வரும். பெயரைப் பற்றிய பேச்சை முப்பத்தொன்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற வீடுகளில் பதிவாளர் முன்னால் நின்றுகொண்டுதான் முடிவெடுக்கிறார்கள். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டுப் பிறகு சேர்ப்பதற்கும் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அது தனி விண்ணப்பம், தனி அலைச்சல். கைக்குழந்தையோடு அந்த வேலை யாருக்கும் வேண்டாம்.

தம்பிக்கு ஆண் பிள்ளை பிறந்தபோது பெயர் தேடுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. நான் திருகோணமலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே தம்பியின் மனைவி கேட்டாள்: "மச்சாள், நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் இவ்வளவு பிள்ளையளின்ர பேரைக் கூப்பிடுறீங்கள். எந்தப் பேர் கூப்பிட நல்லா இருக்கும் எண்டு உங்களுக்குத்தான் தெரியும்." அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கோ அதுதான் சரியான கேள்வி என்று பட்டது. பெயரை எழுதிப் பார்க்கிறார்கள், எண் கூட்டிப் பார்க்கிறார்கள், எழுத்துப் பார்க்கிறார்கள். கூப்பிட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு.

காலையில் வகுப்பு இடாப்பைத் திறந்தால் எங்கள் ஊரின் ஒரு காலமே அதில் இருக்கும். என்னோடு படித்தவர்கள் சிவகுமார், கண்ணன், ரவி, சுதாகரன், ஜெயந்தன். என் அப்பாவின் தலைமுறையில் கோணாமலை, கோணேசபிள்ளை, கோணலிங்கம், சரவணமுத்து, நல்லதம்பி. கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை என்றால் கதிர்காமத்தம்பி. இப்போது என் முன்னால் இருக்கிற பிள்ளைகளில் பலருக்கு 'ஷன்', 'ஜன்', 'சன்' என்று முடிகிற பெயர். டிலக்சன், டிலுக்சன், டினுஷன், டிலுஷன், நிரோஜன், நிரோசன். பெற்றோர் ஆசையோடு வைத்த பெயர்கள் இவை. அந்தப் பிள்ளைகள் என் பிள்ளைகள், அவர்களின் பெயரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தப் பெயர்களில் அனேகமானவற்றை "வேறு யாருக்கும் இருக்கக் கூடாது" என்ற எண்ணத்தில் வைத்தார்கள். வகுப்பறையில் நடப்பது அதற்கு எதிர்மாறு. டிலக்சனைக் கூப்பிட்டால் டிலுக்சன் எழும்புகிறான். டிலுஷனின் கொப்பி டினுஷனின் மேசைக்குப் போகிறது. புதிதாக வந்த ஆசிரியருக்கு நான்கு பேரையும் பிரித்தறிய ஒரு தவணை எடுக்கும். அதே வகுப்பில் கண்ணன், குமரன், சரவணன், செந்தூரன் என்று நால்வர் இருந்தால் ஒருவரோடு ஒருவர் குழம்பவே மாட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள்தான். ஆனாலும் காதில் ஒன்று போல ஒன்று விழாது.

அதனால் தம்பி மனைவிக்கு முதலிலேயே சொல்லிவிட்டேன்: "ஊருக்குத் தெரிஞ்ச பேராத்தான் நான் சொல்லுவன். புதுசு தேடுறதெண்டால் வேற ஆளைப் பிடியுங்கோ." அவள் தலையாட்டினாள். தம்பிக்குத்தான் முகம் கொஞ்சம் மாறியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிள்ளையின் நட்சத்திரம் அவிட்டம், மூன்றாம் பாதம். தம்பலகாமத்திலிருந்து வந்த சம்பந்தி மாமி பஞ்சாங்கத்தோடுதான் வந்து இறங்கினா. அவிட்டத்துக்கு க, கி, கு, கே. மூன்றாம் பாதத்துக்குக் 'கு'. என்னைக் கேட்டால் நட்சத்திர எழுத்து ஒரு நல்ல வேலை செய்கிறது: கடலளவு கிடக்கிற பெயர்களை ஒரு கைப்பிடிக்குள் கொண்டுவந்து தருகிறது. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, எல்லைக்குள் நின்று தேடினால் முடிவு வரும். அந்த எல்லை இல்லாத வீடுகளில்தான் முப்பத்தைந்தாம் நாளும் சண்டை நடக்கும்.

ஆனால் எல்லா நட்சத்திரமும் எங்களுக்கு வாய்த்தது போல அமையாது. ஆயிலியத்துக்கு டி, டு, டே, டோ. பூரத்துக்கு மோ, ட, டி, டு. தமிழில் எந்தச் சொல்லும் 'ட'வில் தொடங்காது. எங்கள் பிள்ளைகளிடம் 'டி'யில் தொடங்குகிற பெயர்கள் இவ்வளவு இருப்பதற்கு இது ஒரு காரணம். எழுத்தை விடவும் மனமில்லை, அந்த எழுத்தில் பழைய பெயரும் இல்லை, ஆகவே ஒன்றைப் புனைந்து வைக்கிறார்கள். பழைய ஆட்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அந்த எழுத்தில் வருகிற பெயரைத் துடக்குக் கழிவன்று காதில் மட்டும் சொல்லிவிட்டு, ஊருக்கும் பதிவுக்கும் விருப்பமான வேறு பெயரை வைத்துவிடுவார்கள். எழுத்தும் காப்பாற்றப்பட்டது, பிள்ளைக்கு நல்ல பெயரும் கிடைத்தது. ஆயிலியத்திலும் பூரத்திலும் பிள்ளை பெற்றவர்கள் இந்த வழியைத் தாராளமாக எடுக்கலாம். எந்த ஐயரும் மறுத்து நான் கண்டதில்லை.

இனி அப்பாவின் பெயர். அப்பாவுக்குக் கோணாமலை என்று பெயர். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பாடிய பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு 'கோணமாமலை' என்று வருகிறதே, அந்த மலைதான். இந்த ஊரில் பிறந்த ஆணுக்கு இதைவிட ஊரைச் சொல்லும் பெயர் இல்லை. மூத்த பேரனுக்கு அப்பப்பாவின் பெயரை விடுவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். தம்பிக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது. சம்பந்தி மாமி பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டா. 'கோ' சதயத்தின் முதலாம் பாதத்துக்கு உரியது. அவிட்டம் முடிந்தால் அடுத்தது சதயம். "அரை நாள் பிந்திப் பிறந்திருந்தால் கோணாமலையே வச்சிருக்கலாம்" என்றா. அதைக் கேட்டு அப்பா சிரித்தார்.

ஆனால் எழுத்துச் சரியாக வந்திருந்தாலும் நான் அந்தப் பெயரைச் சொல்லியிருக்க மாட்டேன். காரணம் அம்மா. இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அம்மா அப்பாவின் பெயரை உச்சரித்து நாங்கள் கேட்டதே இல்லை. "இவர்", "பிள்ளையளின்ர அப்பா", அவ்வளவுதான். கோணேசர் கோவிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் எங்களில் ஒருவரைத் திரும்பிப் பார்ப்பா, நாங்கள் சொல்வோம். தம்பியும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்க்கப் போவது அம்மா. அம்மாவின் வாயால் கூப்பிட முடியாத பெயரைப் பிள்ளைக்கு வைத்து என்ன செய்வது? தம்பி, ராசா, அப்பு என்று ஏதாவது ஒரு வீட்டுப் பெயர் தானாக முளைக்கும். கோணாமலை என்ற பெயர் காகிதத்தில் மட்டும் இருக்கும். வயது போனவரின் பெயரை மரியாதைக்காக வைத்துவிட்டு, அந்தப் பெயரே வீட்டில் ஒலிக்காமல் போகிற குடும்பங்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். இதை அப்பாவிடமே சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "கொம்மா கூப்பிடக்கூடிய பேரா வையுங்கோ" என்று முடித்துவிட்டார்.

தம்பி அடுத்ததாகச் சம்பந்தன் என்றான். அதுவும் 'கு'வுக்குள் வராது என்பது ஒருபுறம். பழைய பெயர், அழகான பெயர், இந்த மண்ணைப் பாடிய நாயனாரின் பெயர். ஆனால் திருகோணமலையில் அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோர் மனதிலும் முதலில் வருபவர் 1977இல் பாராளுமன்றம் போய், 2024இல் இறக்கும்வரை இந்த மாவட்டத்தின் முகமாக இருந்த இரா. சம்பந்தன் ஐயாதான். பெரிய மனிதரின் பெயரை விடுவதில் தவறில்லை. ஆனால் அந்த மனிதர் வாழ்ந்த ஊரிலேயே வைக்கும்போது, "அவரை நினைச்சோ வச்சவை?" என்ற கேள்விக்குப் பிள்ளை வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும். அரசியல் பேசுகிற ஒவ்வொருவரும் அவனிடம் ஒரு கருத்துச் சொல்வார்கள். ஒரு சின்னப் பிள்ளையின் தோளில் அதை நான் ஏற்ற விரும்பவில்லை.

ஆகவே 'கு'. குமரன், குகன், குணசீலன், குலசேகரம், குருபரன். இன்னும் சில வந்தன. இந்த ஐந்தையும் ஒரு வாரத்துக்கு வீட்டில் புழங்க விட்டோம். இதுதான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்கிற செயல்: பெயரை முடிவு செய்யுமுன் அந்தப் பெயரால் பிள்ளையைக் கூப்பிட்டுப் பாருங்கள். தொட்டிலுக்குக் குனிந்து மெல்லமாகவும் கூப்பிட வேண்டும், கிணற்றடியில் நின்று வீட்டுக்குள் கேட்கிற மாதிரியும் கூப்பிட வேண்டும். குளிப்பாட்டும்போது, தாலாட்டும்போது, பொய்க்கோபத்தோடு ஏசும்போது எல்லாம் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்ததில் குலசேகரம் முதல் நாளே கழன்றது. பிள்ளைக்கு ஏற்ற பருமன் அதில் இல்லை, அதைச் சுருக்கினால் 'குலா'. குணசீலன் சில நாளிலேயே 'குணா' ஆகிவிட்டான். அது பரவாயில்லை என்று மாமி சொன்னா. எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் எங்கள் தெருவில் ஏற்கெனவே நாலு குணாக்கள், அதிலே இருவர் வயது போனவர்கள். குருபரன் நல்ல கம்பீரமான பெயர். ஆனால் கிணற்றடியிலிருந்து கூப்பிட்டபோது பின்பாதி காற்றில் போய் 'குரு' மட்டும்தான் உள்ளே வந்தது. குகன் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டே அசை, வாயில் வைத்தாலே இனிக்கும். அது தோற்றது பக்கத்து வீட்டில். அங்கே இருக்கிற சிங்கள அக்கா எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் தூக்கி வளர்த்தவ. அவவிடம் ஐந்து பெயரையும் சொல்லச் சொன்னேன். குகன் அவவின் வாயில் 'குஹான்', 'குகான்' என்றெல்லாம் மாறி மாறி வந்தது. குமரனைச் சொன்னபோது ஒரு தடக்கும் இல்லை. "குமார மாதிரித்தானே, எங்கட ஆக்களுக்கும் இருக்கு" என்றா.

திருகோணமலையில் இது சின்ன விசயம் இல்லை. இங்கே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழ்கிறோம். பிள்ளை நாளைக்கு எந்தக் கந்தோருக்குப் போனாலும், எந்த ஆசுபத்திரியில் நம்பருக்கு இருந்தாலும், பெயரைக் கூப்பிடுகிறவர் தமிழராக இருப்பார் என்று நினைத்து வைக்க முடியாது. தமிழ் எழுத்துத் தெரியாத ஒருவர், ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கூப்பிடும்போது எங்கள் காதுக்கு அது எங்கள் பெயராகத் தெரிய வேண்டும். 'ழ' வருகிற பெயர்கள் எனக்கு உயிர், ஆனால் எழிலனுக்கும் யாழினிக்கும் என்ன நடக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் பார்க்கிறேன். எங்கள் ஊரில் அந்த எழுத்துக்கு 'எல்' போடுவார்கள், இந்தியாவில் 'இசட் எச்' போடுவார்கள், வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பா மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். அந்தப் பெயர்களை வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. வைக்கிறவர்கள் ஆங்கில எழுத்தையும் அன்றைக்கே முடிவு செய்து, கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும்.

மாமியின் மூத்த மகன் ரொறன்ரோவில். அவருக்கும் தொலைபேசியில் சொல்லிப் பார்க்கக் கொடுத்தோம். அவர் கேட்ட கேள்வி வேறு, உபயோகமான கேள்வி. எங்களுக்குத் தகப்பனின் பெயர் முன்னால், பிள்ளையின் பெயர் பின்னால். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் ஒரு இடம், மற்றப் பெயர்கள் இன்னோர் இடம். தகப்பனின் பெயர் குடும்பப் பெயராகப் போய் உட்கார்ந்துவிடும். அவருடைய வீட்டில் அவருக்கு ஒரு குடும்பப் பெயர், அவருடைய பிள்ளைகளுக்கு இன்னொன்று. அங்கே பள்ளிக்கூடத்தில் "இது உங்கள் பிள்ளையா?" என்று கேட்டார்களாம். இதற்காக எங்கள் முறையை மாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இந்த ஊர் தந்த தமிழறிஞர்களான அண்ணன் தம்பி, கனகசுந்தரம்பிள்ளையும் சரவணமுத்துப்பிள்ளையும், இருவருமே 'தி. த.' என்றுதான் எழுதினார்கள். 'தி' ஊர், 'த' தகப்பனார் தம்பிமுத்துப்பிள்ளை. ஊரும் தகப்பனும் முன்னால் நின்று, பிள்ளை தன் சொந்தப் பெயரால் அறியப்படுகிற முறை அது. அதில் எனக்குப் பெருமை இருக்கிறது. ஆனால் ஒன்று செய்யலாம்: தகப்பனின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் சேர்த்து, இரண்டு வரிசையிலும் வாசித்துப் பாருங்கள். தகப்பனின் பெயர் நீளம் என்றால் பிள்ளையின் பெயர் சின்னதாக இருக்கட்டும். பரீட்சை விண்ணப்பத்தில் பெட்டிக்குள் ஒவ்வொரு எழுத்தாக எழுதும்போது இதன் அருமை தெரியும். என்னுடைய மாணவன் ஒருவனின் முழுப் பெயர் பெட்டிகளுக்குள் அடங்காமல் கடைசி எழுத்துகள் வெளியே நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

எண்சாத்திரம் பார்க்கிறவரிடமும் போனார்கள். போனது தம்பி. குமரனை ஆங்கிலத்தில் எழுதிக் கூட்டினால், கே 2, யூ 6, எம் 4, ஏ 1, ஆர் 2, ஏ 1, என் 5. மொத்தம் 21. அது நல்ல எண்தான், ஆனால் பிறந்த திகதிக்கு 23 இன்னும் விசேசம் என்று அவர் சொன்னாராம். அதற்கு இரண்டு 'ஏ' கூடப் போட வேண்டும். தம்பி எழுதிக்கொண்டு வந்த துண்டை வாங்கி அப்படியே வாசித்தேன்: "குமாரான்." அம்மா திரும்பிப் பார்த்து, "அது ஆர்?" என்று கேட்டா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எண் பார்க்கிறவர்களுடைய நம்பிக்கையை நான் மதிக்கிறேன். பார்த்தே ஆக வேண்டும் என்றால், பெயரின் ஓசையைக் கெடுக்காத மாற்றத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். எழுத்தைக் கூட்டினால் அந்த எழுத்தை ஒருவர் வாசிக்கத்தான் போகிறார். ஐம்பது வருடத்துக்கு வாசிக்கப் போகிறார்.

இப்போது தம்பியின் முகம் மாறிய விசயம். "அக்கா, கடைத்தெருவில நிண்டு குமரன் எண்டு கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவாங்கள்." இது அவனுடைய வாதம். நியாயமான வாதமும்தான். தன் பிள்ளை தனித்துத் தெரிய வேண்டும் என்று எந்தத் தகப்பனுக்குத்தான் இருக்காது? நான் அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

பத்துப் பேர் திரும்புகிற பெயரைப் பத்துக் குடும்பங்கள் யோசித்து, கூப்பிட்டு, வளர்த்துப் பார்த்திருக்கின்றன. அந்தப் பெயரோடு ஒரு பிள்ளை எப்படி வளர்வான், இளைஞனாக எப்படி ஒலிக்கும், தாத்தாவாக எப்படி ஒலிக்கும் என்றெல்லாம் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வகுப்பில் குமரன் என்ற பெயரைக் கேலி செய்து யாரும் பட்டப்பெயர் வைத்து நான் கேட்டதில்லை. விளங்காத பெயருள்ள பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே வைத்துவிடுவார்கள். அது பிள்ளைகளின் இயல்பு, எவ்வளவு கண்டித்தாலும் நிற்காது. புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் "என்ன பேர்?" என்று கேட்டால், குமரன் ஒரு தடவை சொன்னால் போதும். நூதனமான பெயருள்ள பிள்ளை இரண்டு தடவை சொல்ல வேண்டும், மூன்றாம் தடவை குரல் இறங்கிவிடும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளிடம் இதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பார்க்க மனம் கனக்கும்.

ஒரே வகுப்பில் இரண்டு குமரன் வந்தால்? வந்திருக்கிறார்கள். முதலெழுத்தைச் சேர்த்துக் கூப்பிடுவோம். முதலெழுத்தும் ஒன்றாக இருந்தால் தகப்பனின் முழுப் பெயரோடு கூப்பிடுவோம். பிள்ளைகள் தாங்களாகவே 'நெட்டைக் குமரன்', 'கீப்பர் குமரன்' என்று பிரித்துக்கொள்வார்கள். அதில் ஒரு நெருக்கமும் வரும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பிரபலமான பெயர் வைக்கிறவர்கள் பத்திரங்களில் முதலெழுத்தோடு நிறுத்தாமல் தகப்பனின் பெயரை முழுதாக எழுத வேண்டும். 'எஸ். குமரன்' இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, நிறைய இருப்பார்கள். வங்கியிலும் பரீட்சைப் பெறுபேற்றிலும் ஒருவருடையது இன்னொருவருக்குப் போகாமல் காப்பது அந்த முழுப் பெயர்தான்.

தம்பி உடனே சம்மதிக்கவில்லை. வில்லூன்றிக் கந்தசுவாமி கோவிலுக்குப் போய் வருகிறேன் என்று போனான். வந்து, "சரி, முருகன்ர பேர்தானே" என்றான்.

முப்பத்தொன்று வழமை போல நடந்தது. தலைமயிர் வழித்து, மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, அரைஞாண் கட்டி, பஞ்சாயுதம் போட்டு, கூடியிருந்தவர்களுக்குச் சாப்பாடு. தாம்பாளத்தில் பரப்பிய பச்சையரிசியில் தம்பி விரலால் பெயரை எழுதினான். நான் மாமி முறை, காதில் மூன்று தரம் சொன்னேன். பிள்ளை நித்திரை.

பதிவுக்குப் போகும்போது நான் செய்யச் சொன்ன சிலவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பெயரைத் தேர்ந்தவர்கள்கூட இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பெயரை வாயால் சொல்லாதீர்கள். தமிழில் தெளிவாக எழுதிய துண்டைக் கொடுங்கள். ர, ற, ன, ண என்று தடுமாறுகிற எழுத்துகள் உண்டு. 'ஸ', 'ஷ', 'ஜ' வருகிற பெயர் என்றால் இன்னும் கவனம். சதீஸ், சதீஷ், சதீசு மூன்றும் ஒரே ஆள் என்று எங்களுக்குத் தெரியும், பத்திரத்துக்குத் தெரியாது. குமரனில் அந்தச் சிக்கல் இல்லை என்பதும் நான் அதை விரும்பியதற்கு ஒரு காரணம். கையெழுத்துப் போடுமுன் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டி வாசியுங்கள். தகப்பன், தாய் பெயர்களையும் வாசியுங்கள், அவர்களின் சொந்தப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். பின்னால் உங்களை அவசரப்படுத்துகிற மாதிரி வரிசை நிற்கும். நிற்கட்டும்.

எங்கள் உறவில் ஒரு பிள்ளைக்குப் பெயரில் ஒரு கால் ('ா') விடுபட்டுப் போனது. பள்ளிக்கூடம் சேரும்வரை யாரும் கவனிக்கவில்லை. அதைத் திருத்துவதற்குப் படிவம், சான்று, போக்குவரத்து என்று தாய் அலைந்த அலைச்சலை நான் கூடவே போய்ப் பார்த்தேன். ஒரு கோடு, அவ்வளவுதான்.

ஆங்கில எழுத்தை வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வைத்துவிடுங்கள். தடுப்பூசி அட்டை, முன்பள்ளி, பள்ளிக்கூடம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எழுத்து. ஒவ்வொரு இடத்திலும் எழுதுகிறவர் தனக்குத் தோன்றியபடி எழுதுவார், நீங்கள் விட்டால். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு, கரையோரத்து ஆட்கள் எத்தனையோ பேர் ஒரு காகிதமும் இல்லாமல் நின்றார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் பிரதி எடுக்க அவர்களோடு போய் வந்தவர்களில் நானும் ஒருத்தி. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதப்பட்ட பெயருடையவர்களின் வேலை சுருக்காக முடிந்தது. வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று என்று இருந்தவர்கள், தாங்கள் தாங்கள்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. வீட்டையும் உறவையும் இழந்து நிற்கிற ஒருவரிடம் அதைக் கேட்கிற கொடுமையை நான் மறக்கவில்லை. பிரதி எடுக்கும்போது இரண்டு மூன்றாக எடுத்து வேறு வேறு வீட்டில் வையுங்கள். ஒன்று அம்மா வீட்டில், ஒன்று மாமி வீட்டில்.

குமரன் இப்போது முன்பள்ளிக்குப் போகிறான். அங்கே இன்னொரு குமரனும் இருக்கிறான், இருவரும் ஒரே வாங்கில்தான். இரண்டு பேரும் சேர்ந்துதான் கூப்பிட்ட உடனே "ஓம் ரீச்சர்" என்கிறார்களாம். ஆசிரியைக்கு அதனால் ஒரு கரைச்சலும் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மா முற்றத்தில் நின்று "குமரன்" என்று கூப்பிட்டால் பக்கத்து வீட்டு அக்காவும் மதிலுக்கு மேலால் "குமரன்" என்று கூப்பிடுவா. சில வேளை அப்பாவும் சேர்ந்துகொள்வார்.

என்னிடம் இப்போது பெயர் கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஆண் பிள்ளைக்கு நான் தயங்காமல் சொல்கிற பெயர்கள் சில உண்டு. சரவணன், எந்த வயதிலும் பொருந்தும், எழுத்துப் பிழை வர வழி குறைவு. கண்ணன், வீட்டுப் பெயரும் பதிவுப் பெயரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு. கதிர், தகப்பனின் பெயர் நீளமான வீடுகளுக்கு. செந்தூரன், கொஞ்சம் புதுமையும் வேண்டும், பழமையும் விடக் கூடாது என்பவர்களுக்கு. முருகன் என்றே வைக்கலாமா என்று கேட்ட ஒருவரிடம், "தாராளமா வையுங்கோ, ஆனால் ஏசேக்க வாய் வருமோ எண்டு யோசியுங்கோ" என்றேன். அவருடைய மனைவி வராது என்றா, வேலன் என்று வைத்தார்கள்.

அடுத்து எங்கள் சின்னம்மாவின் மகளுக்குப் பிள்ளை கிடைக்க இருக்கிறது. நட்சத்திரம் பிறகுதான் தெரியும் என்றாலும் பேச்சை இப்போதே தொடங்கச் சொல்லியிருக்கிறேன். ஆண் என்றால் மேலே சொன்னவற்றில் ஒன்று. பெண் என்றால் கோணேசரின் பக்கத்தில் இருக்கிற அம்பாளின் பெயரையே கேட்டிருக்கிறாள், மாதுமை. அதைக் கிணற்றடியில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன், நன்றாகக் கேட்கிறது.